ஊதிப் பார்த்தது

கம்ப்யூட்டர் கடைக்குள் நுழையும்போதே ஷட்டரின் விளிம்பை உள்ளங்கையால் தொட்டுவிட்டேன்.

பழக்கதோஷம். நாரணாபுரத்தில் அப்பாவின் பட்டாசு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மருந்து ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே கால் வைப்போம். என் கைக்கு இப்போது எல்லா வாசலும் ஒன்றுதான்.

சபரிநாதன் கவுன்டருக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க. என்ன பாக்கீக?"

போட்டோவில் இருந்ததைவிட மெலிந்திருந்தார்.

அந்தப் போட்டோ ஒரு வாரமாக எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று அம்மா காலையிலேயே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை ரொம்பப் பொறுமைசாலி என்றார் தரகர்.

போட்டோவில் எல்லோரும் பொறுமைசாலிகள்தான்.

எனக்குக் கேள்விகள் அதிகம். பள்ளிக்கூடத்தில் அதற்காக வெளியே நின்றிருக்கிறேன். வீட்டில் அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். இவர் தாங்குவாரா என்று தெரியாமல் என்ன பதில் சொல்வது? யாரிடமும் சொல்லாமல் விருதுநகருக்கு பஸ் ஏறிவிட்டேன். அவர்களிடம் இருக்கிற என் போட்டோவில் நான் பட்டுச்சேலையும் நகையுமாக நிற்கிறேன். இன்றைக்குச் சுடிதார், முகத்தில் மாஸ்க். யாருக்குத் தெரியப்போகிறது?

"தூசி ஊதுற ஏர் டஸ்டர் வேணும். வயர் இல்லாதது" என்றேன். "மல்லாங்கிணறுல ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல இருக்கேன். கம்ப்யூட்டர் பூராவும் தூசி."

ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, மூன்றை எடுத்து மேஜையில் வைத்தார். பார்க்க மூன்றும் பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருந்தன.

ஆரம்பித்தேன். ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு நேரம் ஓடும்? ஓட ஓட வேகம் குறையுமா? சத்தம் ஏன் இவ்வளவு? பேட்டரி போய்விட்டால் மாற்ற முடியுமா? டப்பாவில் அடைத்து விற்கிற காற்று இதைவிட மலிவுதானே?

"மலிவுதான். தீந்துபோனா டப்பாவத் தூக்கிப் போட்டுட்டுத் திரும்பவும் எங்கிட்டத்தான் வரணும். எனக்கு லாபம், உங்களுக்கு பஸ் செலவு."

சிரிப்பு வந்தது. மாஸ்க் மறைத்துக்கொண்டது.

"இந்தக் காத்துல உள்ள இருக்கிற ஃபேன் சுத்திக் கெட்டுப்போகாதா?"

"நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு, பழுதுக்கு வந்திருந்த ஒரு சி.பி.யு.வைத் திறந்தார். ஃபேன் சுற்றாமல் அதன் இறக்கையைப் பென்சிலால் பிடித்துக்கொண்டு ஊதினார். பல காலத்துத் தூசி ஒரே மூச்சில் எழும்பியது. கூடவே ஒரு பல்லிமுட்டை ஓடு பறந்து வந்து அவர் மீசையில் உட்கார்ந்தது.

தட்டிவிட்டுக்கொண்டு கேட்டார். "அடுத்த கேள்வி?"

எரிச்சலே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. வருகிறவர்களிடமெல்லாம் இப்படிப் பேசினால்தானே கடை ஓடும்? வியாபாரத்தின் பொறுமையை வைத்து வீட்டின் பொறுமையை எப்படி அளப்பது?

கடைசிக் கேள்வியைக் கேட்டேன். நான் கேட்கவே கூடாத கேள்வி.

"எங்க மாமா பட்டாசு கம்பெனி வச்சிருக்காக. மருந்து ரூம்ல மூலைக்கு மூலை தூசி. அங்கனயும் இத வச்சு ஊதிக்கிடலாம்ல?"

ஊதிக்கொண்டிருந்ததைச் சட்டென்று அணைத்தார். என் கையில் இருந்ததையும் வாங்கி மேஜைக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

"ஈரத்துணி வச்சுத் துடைக்கிற எடத்துல, பொறி பறக்குற மோட்டார வச்சு ஊதுவீகளா? அங்கன பத்துப் பேரு உக்காந்து வேல பாக்கலையா? அதுக்குன்னா இது விக்கிறதுக்கில்ல. எந்திரிச்சுப் போங்க."

குரல் ஏறிவிட்டது. அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்த ரூமில் அப்படி ஊதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். பொறுமையைத் தேடி வந்தவள் ஒரு கோபத்தைப் பார்த்து இவ்வளவு லேசாகிப்போவேன் என்பது மட்டும் தெரியாது.

"சும்மாதான் கேட்டேன். கம்ப்யூட்டருக்கு மட்டுந்தான்."

"நிசமா?"

"இருக்கன்குடி மாரியம்மன் மேல சத்தியமா."

நடுவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். சத்தம் குறைவு, கைக்கும் அடக்கம். அட்டைப்பெட்டியில் வைத்தவர் உள்ளே பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"கீபோர்டு ஊதுற சின்ன நாசில் இதுல இல்ல. சனிக்கிழம லோடு வருது." பெட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஞாயித்துக்கிழம வரச் சொன்னீகன்னா, கையோட கொண்டாந்துருதேன்."

மாஸ்க்குக்குள் முகம் சுட்டது.

"எப்பலருந்து தெரியும்?"

தாடையால் வாசலைக் காட்டினார்.

"நாரணாபுரத்துப் பொண்ணு, கம்பெனியில கணக்குப் பாக்குதுன்னு சொன்னாக. ஷட்டரத் தொட்டுட்டு உள்ள வர்ற ஸ்கூல் ஆபீஸ்காரகள நான் பாத்ததில்ல. அப்பறந்தான் கண்ணப் பாத்தேன். போட்டோவுல இருக்கிற அதே கண்ணு."

காசை மேஜையில் வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டை நெருங்கியபோதுதான் உறைத்தது. எந்திரிச்சுப் போங்க என்று அவர் சொன்னது, நான் யாரென்று தெரிந்தே சொன்னது.

அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அந்தத் தரகர் சொன்னது சுத்தப் பொய்ம்மா. அவருக்கு என்னமாக் கோவம் வருது தெரியுமா!"

"ஏ பிள்ள, நீ இப்ப எங்கன இருக்கே? அப்ப வேண்டாம்னு சொல்லிரவா?"

"வரச் சொல்லும்மா" என்றேன்.