நான்காம் அறை பற்றிய புகார்

ஜன்னலோரம் எஸ்தர். அரிசி மூட்டைமேல் இந்திராணி. வாசற்படியில், யாராவது வருகிறார்களா என்று பார்த்தபடி பூங்கோதை.

சாப்பாட்டு மேசையில், புகார் எழுதக் கோடு போட்ட தாளோடு, எல்லோருக்கும் மூத்தவளான அவள்.

நான்காம் அறை செல்வமேரியை யாரும் கூப்பிடவில்லை. புகாரே அவள்மேல்தான்.

பெண்கள் விடுதியின் உரிமையாளர் மதுரையில் இருக்கிறார். போனில் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். எழுத்தில் வேண்டும். எழுதிப் போனால் மறுவாரமே அறை காலி.

அனுப்புநர். பெறுநர். பொருள். பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை பிசகாமல் எழுதிக்கொண்டு வந்தாள்.

"என்ன நோய்னு போட?"

"டிபி வைரசு," என்றாள் எஸ்தர்.

"யாரு சொன்னா?"

விசாரிக்காமல் ஒரு வரி எழுதுகிற கை இல்லை அவளுடையது.

"இந்திராணிதான்."

"அடிப்பாவி! நான் வெறும் வைரசுன்னுதான சொன்னேன். டிபிய நீயா சேத்துக்கிட்டியாக்கும்? எனக்குச் சொன்னது பூங்கோதைக்கா."

பூங்கோதை தெருவிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"நான் இன்பெக்சன்னேன். அவ்வளவுதான்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதானக்கா. செவ்வாக்கெழம, பாத்ரூம் வாசல்ல. அவ இருமுனதக் கேட்டுட்டு, 'என்ன இன்பெக்சனோ'ன்னீங்க."

பேனா நின்றது.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வாளியோடு கால்கடுக்க நின்றது. செல்வமேரி முந்திக்கொண்டு உள்ளே போனது.

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள்.

குனிந்து எழுதினாள்.

'விசாரித்ததில் மூவரும் உறுதியாகச் சொல்கிறார்கள்.'

மூன்று கையெழுத்து வாங்கினாள். உறையின் பசையை நாக்கால் நனைத்து மடக்கினாள்.

"வாரா," என்று பூங்கோதை எழுந்து வழிவிட்டாள்.

செல்வமேரி மதிய ஷிப்டுக்குக் கிளம்பி அறையிலிருந்து வந்தாள். நேற்றைய மில் பஞ்சு இன்னும் தலையில் ஒட்டியிருந்தது. அவள் கண்ணில் உறைதான் பட்டது.

"தபால்பெட்டி வழியாத்தான்க்கா போறேன். குடுங்க."

எழுதியவள் விரல் படாமல், நுனியைப் பிடித்து நீட்டினாள்.

செல்வமேரி உறையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஓரம் ஒட்டலியேக்கா."

ஈரம் காயாத அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். சோற்று டப்பாவோடு பையில் வைத்துப் படியிறங்கினாள்.

எழுதியவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் தபால்பெட்டியின் தகரம் சத்தமிடும் வரை.

ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.