உள்ளேன்

"இந்தத் தென்னாட்டுலயே ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டுப்போகாத மாணவர் சங்கம் ஒண்ணே ஒண்ணுதான். அது எங்க சங்கம்," என்றான் லோகநாதன்.

கேன்டீனில் யாரும் சிரிக்கவில்லை. அவன் முகத்திலும் சிரிப்பில்லை. புயலடித்தபோதும், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கல்லூரியையே இழுத்து மூடியபோதும் அந்தச் சங்கம் கூடியிருக்கிறது. கூடி என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை. மாலை ஆறு மணிக்கு நிர்வாகிகள் ஐந்து பேரின் பெயரைக் கூப்பிடுவார்கள். ஐவரும் "உள்ளேன்" என்பார்கள். கூட்டம் இனிதே முடியும்.

"லீவுல?" என்று கேட்டாள் பூவம்மாள். அவள் மாணவியர் மன்றத்தின் செயலாளர்.

"ஆரணியில துளசிராமன் ஊட்டு மாட்டுக்கொட்டாயில கூடுனோம். மாடு சாட்சி."

பொன்னேரிப் பக்கத்தில் இருந்த அந்தக் கல்லூரிக்கு அது வெள்ளிவிழா ஆண்டு. தொடக்க நாளிலிருந்து அறுபடாத சங்கத்துக்குக் கேடயம் என்று பிரின்சிபால் அறிவித்திருந்தார். மாணவியர் மன்றமும் அதே பெருமையைப் பேசியது. அதனால் விழா வரைக்கும் ஒருவர் கூட்டத்துக்கு மற்றவர் சாட்சி. ஐந்தில் ஒரு குரல் குறைந்தாலும் தொடர்ச்சி அறுந்ததாகக் கணக்கு.

பூவம்மாளுக்கு அந்தக் கேடயம் வேண்டும். மன்றத்தின் முதல் செயலாளர் முத்தம்மா, பழவேற்காட்டிலிருந்து கூட்டத்துக்குப் புறப்பட்டு வந்த வழியில் படகு கவிழ்ந்து ஏரியோடு போனவள். கேடயத்தில் அவள் பெயரைப் பொறிப்பதாக அவளுடைய அம்மாவிடம் பூவம்மாள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"உங்க கணக்குலதாம்மா ஓட்டை," என்றான் லோகநாதன். "நாலு பேரு உசிரோட. ஒண்ணு செத்தது." குரலைக் கீச்சென்று பெண் குரலாக்கினான். "'முத்தம்மா, இருக்கியா இல்லியா?' அப்டீன்னு ரெண்டு தபா கேக்குறீங்க, அவளுக்குப் பதிலா ஒருத்தி கம்முனு உள்ளேன்றா. செத்தவ எப்டிம்மா உள்ளேன்னு சொல்லுவா?"

"அப்டிப் பேசாதீங்க தலைவரே. அவ காதுல வுழும்."

"வுழட்டும். வேணும்னா எங்க ரூமாண்ட வந்து அவளையே பேர் கூப்பிடச் சொல்லு. நான் உள்ளேன்றேன்."

நண்பர்கள் கூட்டமாகச் சிரித்தார்கள்.

"இன்னிக்கு சாட்சி நான்தான்," என்றாள் பூவம்மாள். "அஞ்சு பேரும் சோழவரத்துக்குக் கார் ரேஸ் ஒத்திகை பாக்கப் போறீங்களாமே? லேட்டாச்சுன்னா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"ஜீப்பு கீது. ஆறு மணிக்கு டாண்ணு ரூம்ல இருப்போம்."

வெளியாள் சங்க அறைக்குள் வரக் கூடாது, சாட்சி பின்பக்கத்தில் மூடிய சன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொள்ளலாம் என்பதும் அவர்கள் விதி. பூவம்மாள் அங்கே போய் நின்றாள். ஆறு மணி அடித்தது. ஜீப்பைக் காணோம். கேடயம் கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்தாள்.

"குப்புராஜ்," என்றது உள்ளே ஒரு பெண் குரல்.

"உள்ளேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த வழியாகவோ வந்துவிட்டார்கள். வந்ததும் இல்லாமல் லோகநாதன் மத்தியானத்துக் கேலியைத் தொடர்கிறான். இந்த முறை கீச்சுக் குரலும் இல்லை. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போல ஒரு குரல்.

"துளசிராமன்."

"உள்ளேன்."

சின்னராசுவும் துலுக்காணமும் சொல்லிவிட்டார்கள். நால்வரின் குரலிலும் வழக்கமான கும்மாளம் இல்லை. சன்னல் இடுக்கிலிருந்து ஏரிச் சேற்று வாடை வந்தது. சாக்கடை அடைத்துக்கொண்டது போலிருக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"லோகநாதன்."

பதில் இல்லை.

பூவம்மாள் சன்னலில் காதை வைத்தாள். அவன் சொல்லாமல் இருந்துவிட்டால் கேடயம் முத்தம்மாவுக்கு. சொல்லாதே, சொல்லாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அப்போது பியூன் வீரராகவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"இங்க இன்னாம்மா பண்றே? வாம்மா, ரூமத் தொறக்கணும். அந்தப் பசங்க போட்டோ வேணுமாம், போலீசு கேக்குது."

"எந்தப் பசங்க?"

"காரனோடைகிட்ட ஜீப்பு லாரியில மோதிக்கிச்சும்மா. நாலு பேரு அங்கியே போய்ட்டாங்க. லோகநாதன் மட்டும் ஆஸ்பத்திரியில கீறான். உசிரு இழுத்துக்கினு கீதாம்."

"அவங்க உள்ள இருக்காங்கண்ணே," என்றாள் பூவம்மாள். "கூட்டம் நடக்குது."

வீரராகவன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் காட்டினார். "மத்தியானம் நான்தாம்மா பூட்டுனேன். உள்ள எப்டி ஆளு இருக்கும்?"

மூடிய சன்னலுக்குள் அந்தத் தண்ணீர்க் குரல் பொறுமையாக இரண்டாம் தடவை கூப்பிட்டது.

"லோகநாதன், இருக்கியா இல்லியா?"

வீரராகவன் கையிலிருந்து சைக்கிள் சாய்ந்தது. பூவம்மாள் சன்னல் கதவில் வாயை வைத்துக் கெஞ்சினாள். "கேடயம் உங்களுக்குத்தான் தலைவரே. அஞ்சு குரலும் கேட்டேன்னு நானே சாட்சி சொல்றேன். நீங்க மட்டும் சொல்லாதீங்க."



பிறகு, கேலி துளியும் இல்லாத சின்னக் குரலில் அவன் சொன்னான்:

"உள்ளேன்."