நாற்பத்தொரு பெயர்

குரோஷியப் பண்பாட்டுச் சங்கத்தின் கிளைகளை ஊர் ஊராக மூடிக்கொண்டு வந்த போலீஸார் எங்கள் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் கிளை அலுவலக மேசைமேல் உறுப்பினர் பதிவேடு கிடந்தது. நாற்பத்தொரு பெயர். கடைசிப் பெயரை அன்று காலைதான், நாங்கள் நால்வர் மட்டும் இருக்கையில், செயலாளர் யூரே எழுதினார். சிக்கினால் எல்லோருக்கும் சிறை. எரிக்கவும் வழியில்லை. ஜூலை வெயிலில் புகைபோக்கி புகைந்தால் தெருவே பார்க்கும். யூரே தாள்களைக் கிழித்து எங்களுக்குப் பங்கு வைத்தார்.

"சாப்பிடுங்க."

"உப்பாவது இருக்கா?" என்றாள் தையல்காரி மண்டா. தபால்காரர் ஸ்லாவ்கோ கண்ணில் நீர் வர மென்றார்.

"இங்க இல்லாதவங்க உசிரும் இதுலதான்யா இருக்கு. ஒரு துண்டு விடாதீங்க," என்று சொல்லிவிட்டு யூரேயும் வாயில் திணித்துக்கொண்டார்.

போலீஸ் அதிகாரி கதவைத் திறந்துகொண்டு வந்தார். எதையும் தேடவில்லை. தாளில்லாத பதிவேட்டின் வெறும் அட்டையைப் பார்த்தார், உப்பிய எங்கள் கன்னங்களைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். எங்கள் பதிவேட்டின் அதே வரிசையில், அவசரமில்லாமல் பெயர்களை வாசித்தார். நாற்பத்தொன்றாவது பெயரையும் வாசித்தார். நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி மென்றுகொண்டே இருந்தோம்.