கறை படாத கோட்டு

"நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க சார்" என்றார் இரும்பு மேடம். அந்தக் குரலுக்கு மறுபேச்சுக் கிடையாது. மகளின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அப்பா எழுந்து போனார்.

மேசைமேல் படிப்பை நிறுத்திக்கொள்வதாக மகள் எழுதிய கடிதம். பக்கத்திலேயே திருப்பிக் கொடுக்க மடித்து வைத்த வொர்க்‌ஷாப் கோட்டு. மூன்று வருஷம் போட்டும் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே வெள்ளை வெளேரென்று இருந்தது. என்ன சுத்தமான பொண்ணு என்று மேடம் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

மெக்கானிக்கல் துறைக்கு அவர்தான் தலைவி. அதே துறையில் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கிய முதல் பெண்ணும் அவர்தான். இரும்பு மேடம் என்ற பட்டம் பையன்கள் உபயம். நாற்காலிக்குப் பின்னால் அந்தக் காலத்துப் போட்டோ ஒன்று தொங்கியது. இரும்பு கடையும் லேத் மெஷினைப் பிடித்துக்கொண்டு முப்பது பையன்கள், நடுவில் நோட்டும் பேனாவுமாக ஒற்றைப் பெண்.

இவளோடு சேர்ந்த பதினொரு பெண்களில் ஏழு பேர் பாதியில் கழன்றுகொண்டார்கள். இவள் எட்டாவது. வகுப்பில் முதல் மாணவி வேறு. இவளையும் விட்டுவிட்டால் இந்த நாற்காலியில் தான் எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று மேடம் தன்னையே கேட்டுக்கொண்டார்.

"வீட்ல கல்யாணம் பேசுறாங்களா?"

"இல்ல மேடம்."

"அப்பா மிரட்டுறாரா? பயப்படாம சொல்லு. அவரை நான் பாத்துக்கறேன்."

"ஐயோ, போகாதேன்னு ரெண்டு நாளா கெஞ்சுறதே அப்பாதான் மேடம். உங்ககிட்ட இழுத்துட்டு வந்ததும் அவர்தான்."

மேடம் கொஞ்சம் அசடு வழிந்தார். "எவனாவது வம்பு பண்றானா?"

"எல்லாரும் நல்ல பசங்க மேடம்."

"பின்ன என்னதான் உன் பிரச்சினை?"

அவள் விரல்களைப் பிசைந்தாள். "போன வாரம் ஃபேக்டரியில வேலைக்கு ஆள் எடுத்தாங்க. எழுத்துத் தேர்வுல நான்தான் ஃபர்ஸ்ட். அப்புறம் ஒரு இரும்புத் தடியைக் கையில குடுத்து, லேத்துல ரெண்டு மில்லிமீட்டர் கடைஞ்சு குடும்மான்னாங்க."

"குடுக்க வேண்டியதுதானே?"

"மெஷினை ஆன் பண்ணவே தெரியல மேடம். அங்க இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க."

மேடத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மூணு வருஷமா வொர்க்‌ஷாப்ல என்னதான் பண்ணிட்டிருந்தே?"

"ரெக்கார்டு எழுதினேன் மேடம். பசங்க மெஷின் ஓட்டுவாங்க. நான் பக்கத்துல நின்னு அளவு குறிச்சு, படம் போட்டு எழுதுவேன். குரூப்புக்கு ஒரு பொண்ணு இருக்கட்டும், கையெழுத்து நல்லா இருக்கும்னு நீங்கதான் பிரிச்சு விட்டீங்க. நூத்துக்கு நூறும் போட்டீங்க."

மேடத்தின் முகம் வெளுத்தது. "விட்டுப் போன ஏழு பேரும்...?"

"அவங்களும் எழுதினவங்கதான் மேடம்."

அதற்குமேல் மேடம் யோசிக்கவில்லை. விருட்டென்று எழுந்து, மேசைமேல் இருந்த கோட்டை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டார்.

"இவ்வளவுதானே? லெட்டரைக் கிழிச்சுப் போட்டுட்டு வா. இப்பவே நான் கத்துத் தரேன்."

ஒரு வாரமாகச் செத்துக் கிடந்த அவள் முகத்தில் உயிர் வந்தது. வராந்தாவில் காத்திருந்த அப்பா விஷயம் புரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

சாப்பாட்டு வேளை. வொர்க்‌ஷாப்பில் ஈ காக்காய் இல்லை. மேடம் விறுவிறுவென்று நடந்துபோய் முதல் லேத்தின் முன்னால் நின்றார். அவள் பக்கத்தில் ஒட்டி நின்று கண் கொட்டாமல் பார்த்தாள்.

மேடத்தின் கை ஒரு கைப்பிடியை நோக்கிப் போனது. அதைத் தொடாமல் அடுத்ததற்கு நகர்ந்தது. பிறகு அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது.

"மேடம்?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கும் கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கும்மா."