வாரத்துக்கு ஒரு பேய்க்கதை

சிதம்பரத்தில் தனியாக வசித்த சபாபதி, தன்னிடமிருந்த நாற்பது பேய்க்கதைப் புத்தகங்களையும் விற்கப்போவதாக முகநூலில் எழுதினார். கடலூரிலிருந்து ஜான்சி என்ற நர்ஸ் மட்டும் தேடி வந்தாள்.

"வாரத்துக்கு ஒண்ணுதாம்மா தருவேன். படிச்சிட்டு வந்து கதையைப் பத்திப் பேசணும். அப்புறம்தான் அடுத்தது."

"சரிங்க சார்" என்றாள் உடனே.

ஞாயிறு தவறாமல் வந்தாள். காபி ஆறுவதுகூடத் தெரியாமல் இருவரும் பேய்களைப் பற்றியே பேசினார்கள்.

ஆறாவது மாதம், காய்ச்சல் என்று போனில் சொன்னாள். இரண்டு ஞாயிறுகள் வரவில்லை. சபாபதிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மிச்சப் புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனார்.

"உன்னை வீணா அலைய வச்சிட்டேம்மா. பேச ஆள் வேணும்னுதான் அப்படிச் சொன்னேன். இந்தா, எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ."

அடுக்கி வைக்க அவளுடைய அலமாரியைத் திறந்தவர் திகைத்து நின்றார். பையிலிருந்த அத்தனை புத்தகங்களும் ஏற்கெனவே அங்கே இருந்தன. அவரிடம் வாங்கிப்போனவையோ இரண்டிரண்டாக இருந்தன.

"எல்லாமே வச்சிருக்கியே! அப்புறம் எதுக்கும்மா வந்த?"

ஜான்சி தலைகுனிந்தாள்.

"புத்தகந்தான் சார் இருந்துச்சு. இதையெல்லாம் படிச்ச இன்னொரு ஆளு இல்ல."