யாருக்கும் தெரியாத பாட்டு

"இந்த வருஷக் கச்சேரியில பேர் போனவங்க பாட்டே வேண்டாம் சார். யாரும் கேள்விப்படாத இசையமைப்பாளர்களாத் தேடி எடுத்து வாசிப்போம்."

சின்ன டீச்சர் பிரின்சிபாலிடம் இப்படிச் சொன்னதும் பெரிய டீச்சருக்குச் சுருக்கென்றது.

அந்த இசைப் பள்ளியில் பியானோவுக்கு இரண்டே டீச்சர்கள். ஒருத்தி அங்கேயே தலை நரைத்தவள். இன்னொருத்தி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அதனால் பெரிய டீச்சர், சின்ன டீச்சர்.

ஆண்டுக் கச்சேரியின் கடைசிப் பாட்டு எப்போதும் பெரிய டீச்சருடையது. ஊரே முணுமுணுக்கிற பிரபலமான பாட்டு. அவள் வந்து உட்கார்ந்தாலே கைதட்டல் கிளம்பிவிடும். அதற்குத்தான் வேட்டு வைக்கிறாள், நேற்று முளைத்தவள்!

"தெரியாததை வாசிச்சா யாரும்மா வந்து கேப்பாங்க?" என்றாள் பெரிய டீச்சர்.

"வருவாங்க டீச்சர். உங்களுக்கும் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். கடைசியா நீங்கதான் வாசிக்கணும்."

பிரின்சிபால் "நல்ல யோசனை" என்று தலையாட்டினார். சின்ன டீச்சர் நீட்டிய தாள்களைப் பெரிய டீச்சர் புரட்டினாள். அசைந்து அசைந்து போகிற பாட்டு. வேலையெல்லாம் இடது கைக்குத்தான். வலது கை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டால் போதும்.

விரல் பறக்கிற பாட்டையெல்லாம் தனக்கு வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் தாலாட்டா?

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் பொரிந்து தள்ளினாள்.

"மேதாவித்தனத்தைக் காட்டறா. வாயில நுழையாத பேரா எங்கேயிருந்துதான் பிடிச்சிட்டு வந்தாளோ!"

"அந்தப் பொண்ணு நல்லாத்தானே வாசிக்குது? போன தடவைகூட..."

"சாப்பிடுங்க."

"சாப்பிட்டுட்டுதானே இருக்கேன்?"

"பேசாம சாப்பிடுங்க."

அன்று அவர் தட்டில் இரண்டாவது கரண்டி விழவில்லை.

பொறாமைதான். அவளுக்கே அது தெரியும். சின்ன டீச்சர் வாசித்தால் வராந்தாவில் பிள்ளைகள் கூடி நிற்கிறார்கள். பெருக்குகிற அம்மாகூட துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுகிறாள். ஒரு காலத்தில் இதெல்லாம் பெரிய டீச்சரின் அறைக்கு வெளியே நடந்தது. வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பது?

பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற பெற்றோரிடம் ஆளுக்கு ஒரு வார்த்தை போட்டு வைத்தாள்.

"உங்க பொண்ணு மேடையில என்ன வாசிக்கப் போறான்னு உங்களுக்கே தெரியாது, பாவம். சொந்தக்காரங்களை வேற கூப்பிட்டிருப்பீங்க. ம்... எனக்கென்ன வந்தது?"

அந்த "எனக்கென்ன வந்தது" நன்றாகவே வேலை செய்தது. ஒவ்வொருவராகப் பிரின்சிபாலைப் போய்ப் பார்த்தார்கள். வாரம் முடிவதற்குள் அவர் பெரிய டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெத்தவங்க எல்லாம் ஒரேயடியா வேண்டாங்கறாங்க டீச்சர். பழையபடி தெரிஞ்ச பாட்டாவே வச்சிடலாம்னு முடிவாயிடுச்சு."

பெரிய டீச்சர் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டாள். உள்ளே மனசு துள்ளிக் குதித்தது.

"பாவம், ஆசையாத் தேடிச்சு அந்தப் பொண்ணு. சரி, விடுங்க சார். நான் வழக்கமா வாசிக்கிறதையே கடைசியில வாசிச்சிடறேன்."

பிரின்சிபால் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார்.

"இல்ல டீச்சர். இந்தத் தடவை நீங்க முன் வரிசையில உக்காந்து கேளுங்க."

"என்ன சார் சொல்றீங்க?"

"போன வருஷம் பாதியில உங்க வலது கை நின்னு போச்சு. தடுமாறித் தடுமாறி மறுபடி பிடிச்சீங்க. எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டாச்சே, குழந்தைங்க வரைக்கும் கண்டுபிடிச்சிட்டாங்க. சில பேர் சிரிக்கவும் செஞ்சாங்க. இனிமே உங்களை மேடை ஏத்த வேண்டாம்னு நிர்வாகத்துல அப்பவே சொல்லிட்டாங்க."

மோதிர விரல் மரத்துப் போவதைப் பெரிய டீச்சர் கணவரிடம்கூட மூச்சு விட்டதில்லை. பியானோ சரியில்லை என்று அன்றைக்குச் சொல்லிச் சமாளித்தாள். எல்லாரும் நம்பிவிட்டதாகவே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அப்ப ஏன் சார், முதல்ல கடைசிப் பாட்டை எனக்குக் கொடுத்தீங்க?"

"நான் எங்கே கொடுத்தேன்? சின்ன டீச்சர்தான் நிர்வாகத்துகிட்ட போய் மல்லுக்கு நின்னு சம்மதம் வாங்கினா. வலது கைக்கு வேலை கம்மியா ஒரு பாட்டு கிடைக்கணும்னு எத்தனை லைப்ரரி ஏறி இறங்கியிருக்கா தெரியுமா? இப்ப பெத்தவங்களே வேண்டாம்னதும் அவளாலயும் ஒண்ணும் செய்ய முடியலை."

பெரிய டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்கே தெரிஞ்ச பாட்டு எத்தனையோ இருக்க, எதுக்கும்மா இந்தத் தெரியாத பாட்டெல்லாம்னு நானும்தான் கேட்டேன்" என்றார் பிரின்சிபால். "'தெரிஞ்ச பாட்டுன்னா தப்பு தெரிஞ்சிடும் சார். யாருக்கும் தெரியாத பாட்டுன்னா, எங்க டீச்சர் எப்படி வாசிக்கிறாங்களோ அதுதான் சரி'ன்னு சொன்னா."