பன்னிரண்டு மணி அறை

காலத்தை வென்றவனே உலகை வெல்வான் என்று ஊர் ஊராக வகுப்பெடுக்கும் நிபுணருக்கு, மனைவியோடு ஊர் சுற்ற நேரம் கிடைத்தது கல்யாணமாகிப் பதினெட்டாம் வருஷத்தில்தான். காலை ஆறு மணிக்கே ஓட்டலுக்கு வந்துவிட்டார்கள்.

வரவேற்பில் விசாரித்துவிட்டு வந்தாள் மனைவி. "ரூம் பன்னெண்டுக்குத்தானாம்."

"அதனாலென்ன? ஒரு நிமிஷம் வீணாகாம திட்டம் போடறேன், பாரு."

ஏரியைச் சுற்றினார்கள். படகில் போனார்கள். நிபுணர் வாய் ஓயாமல் பேசினார், நடுநடுவே சிரிக்கவும் செய்தார்.

பன்னிரண்டுக்குத் திரும்பியதும் வரவேற்பாளரிடம் சாவி கேட்டார்.

"காலையிலேயே மேடம்கிட்ட குடுத்துட்டேனே, சார்."

நிபுணர் மனைவியைப் பார்த்தார்.

"ரூமுக்குப் போயிருந்தா லேப்டாப்பைத் திறந்திருப்பீங்க" என்றாள்.

கொஞ்சம் யோசித்தார். "சரி, சாப்பிட்டுட்டு மறுபடி கிளம்பலாம்."

சாவி இருந்த மனைவியின் கைப்பையை ஆறு மணி நேரமும் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவர் நிபுணர்தான்.